ரெஃப்ரி உருள மாட்டார்

கீழே விழுவதில் எங்கள் வீட்டில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. பெருமையாகத்தான் சொல்கிறேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், கடலூர் பஸ் நிற்கும் இடத்துக்கும் பொரிகடலை வண்டிக்கும் நடுவே, ஐந்து வயதில் நான் மல்லாந்து விழுந்து எழ மறுத்த இடத்தை அம்மா இன்றும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அடையாளம் காட்டுவாள். தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி கேட்டிருந்தேன். பஸ்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு கண்டக்டர் இறங்கி வந்து, "யம்மா, இத எடுத்துக்கிட்டீங்கன்னா நான் பஸ்ஸ எடுத்துருவேன்" என்றார். என்னை 'இத' என்று சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் துப்பாக்கி கைக்கு வந்த பிறகுதான் எழுந்தேன்.

இப்படிப்பட்டவனிடம் ஒரு விளையாட்டு வந்து, "கீழே கிடப்பவன் ஆட்டத்திலேயே இல்லை, எழுந்து வந்து பேசு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ரக்பி வந்து அப்படித்தான் சொன்னது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது அக்கா. அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் கபடிக்காரி. கீரப்பாளையத்தில் இருக்கும் மாமா அந்தக் காலத்தில் கபடியில் பேர் வாங்கியவர், அந்த ரத்தம் அம்மாவைத் தாண்டிக் குதித்து அக்காவிடம் வந்துவிட்டது. என்னிடம் வராமல் அது ஏன் நின்றது என்று என் இடுப்புச் சுற்றளவைப் பார்த்த யாரும் கேட்டதில்லை. பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. மிஸ், பெண்கள் ரக்பி அணி ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்து, மண்ணில் விழ அஞ்சாதவர்கள் யார் என்று பார்த்திருக்கிறார். கபடி அணி மொத்தமாக நின்றுகொண்டிருந்தது. இங்கும் ஏழு பேர், அங்கும் ஏழு பேர். மிஸ்ஸுக்கு எண்ணுகிற வேலைகூட மிச்சம்.

முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்து அழுத்த வேண்டும். வழியில் அவர்கள் பிடித்துத் தள்ளுவார்கள். இதுவரை எங்கள் பெண்களுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. தள்ளிய பிறகுதான் வம்பு. கபடியில் கீழே விழுந்தவள், மூச்சு இருக்கும்வரை நடுக்கோட்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டே இருப்பாள். பிடித்தவர்கள் அவள் மூச்சு அடங்கும்வரை காலைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். ரக்பியில் விழுந்தவள் அந்த நொடியே பந்தை விட்டுவிட வேண்டும். தள்ளியவள் அந்த நொடியே பிடியை விட்டு உருண்டு விலக வேண்டும். மற்றவர்கள் காலூன்றி நின்றபடி வந்துதான் பந்தை எடுக்க வேண்டும். எங்கள் அணி ஆடிய முதல் பயிற்சி ஆட்டத்தில் ஒருத்தி பந்தைக் கட்டிக்கொண்டு கிடப்பாள், அவளை இன்னொருத்தி கட்டிக்கொண்டு கிடப்பாள், விசில் ஊதி ஊதி மிஸ்ஸுக்குத் தொண்டை வறண்டதாக அக்காவே சொன்னாள்.

அக்காதான் இதில் மகா குற்றவாளி. "புடிச்சத வுட்டுடுன்னா கை கேக்க மாட்டேங்குதுடா" என்பாள்.

கை கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தது. சிதம்பரத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அம்மா எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஊரில் யாருக்கு எது உடைந்தது என்பது எங்களுக்கு இரவுச் சாப்பாட்டோடு வந்துவிடும். அவள் சட்டம் தெளிவாக இருந்தது. "சிதம்பரத்துல பேர் வந்தா ஆடு. வரலன்னா மறுநாளே சாயங்காலம் டியூஷன். அதுக்கு முன்னாடி எங்கயாவது அடிகிடி பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, அன்னிக்கோட சரி. நான் டோக்கன் குடுக்கற எடத்துல எம் பொண்ணு வந்து வரிசையில உக்காரக் கூடாது."

ஆக, கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் பயிற்சி மைதானமானது. தண்ணீர் டியூபைக் குறுக்கே நீட்டிப் போட்டது கோல் கோடு. அப்பாவின் பழைய லுங்கியில் சுற்றிக் கட்டிய தலையணை பந்து. அம்மா கிளினிக்குக்குப் போன பிறகு, அப்பா நைட் ஷிப்டுக்கு முன் தூங்கும் நேரத்தில்தான் ஆட்டம். அப்பா தூங்குவது பின்புறத்து ஜன்னலை ஒட்டி. அவர் எழுந்தால் இரண்டு பேருக்கும் படிப்பு ஞாபகம் வந்துவிடும் என்பதால் எல்லாமே மௌனத்தில் நடந்தது. ஓடலாம், விழலாம், சத்தம் கூடாது.

எதிரணி நான். ரெஃப்ரியும் நான்.

இரண்டு பதவியை ஒருவனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். மிஸ் தமிழில் கையால் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்த விதித் தாளை என்னிடம் நீட்டி, "நீ நல்லா மனப்பாடம் பண்ணுவியே, படிச்சிட்டு எனக்குப் பெனால்டி குடு" என்றாள். முன்பக்கம் முழுக்க விடு, உருளு, எழு என்று இருந்தது. பின்பக்கம் திருப்பினேன். அங்கே நாலாவது வரியில் என் பதவிக்கே வேட்டு வைக்கும் ஒரு விதி. கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தவர், தாமதிக்காமல், கையை நீட்டிப் பந்தைக் கோட்டின் மேலோ அப்பாலோ வைக்கலாம். அது புள்ளிதான்.

யோசித்துப் பாருங்கள். விழுந்து கை நீட்டுவது என்பது கபடிக்காரிக்கு மூச்சு விடுவது மாதிரி. இந்த விதி தெரிந்துவிட்டால் டியூபுக்கு ஒரு முழம் தள்ளி எங்கே விழுந்தாலும் அவளுக்குப் புள்ளி. எனக்கு ஆயுள் முழுக்கப் பூஜ்ஜியம். நான் நிதானமாகச் சமையலறைக்குப் போய், மத்தியானத்துச் சோற்றைக் குழைத்து, தாளின் பின்பக்கம் முழுக்கத் தடவி, பின்கதவில் அழகாக ஒட்டிவிட்டேன். முன்பக்கம் உலகத்துக்கு. பின்பக்கம் கதவுக்கு.

"அட, ஒட்டியே வெச்சிட்டியா" என்று அக்கா பாராட்டினாள்.

அதன்பின் என் ஆட்சி. அவள் விழுந்து, டியூபைப் பார்த்துக் கை நீண்டால், கையைத் தூக்கிப் பெனால்டி. விசில் ஊத முடியாதாகையால் கன்னத்தை உப்ப வைத்து, காற்று மட்டும் விடுவேன். ரெண்டு வாரத்தில் அவளிடம் மாற்றம் தெரிந்தது. விழும்போதே தலையணை பின்னால் போய் உட்கார்ந்தது. விழுந்தாளா, விட்டாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானோ அத்தனை நாளில் ஒருமுறைகூட அவளைத் தள்ளியதில்லை. நான் குறுக்கே வந்து நிற்பேன், அவள் இரக்கப்பட்டுத் தானாக விழுவாள். இதுதான் எங்கள் தரம்.

சிதம்பரத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தச் சாதனை நடந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. அக்கா தலையணையோடு ஓடி வந்தவள் அதில் கால் வைத்தாள். நான் பிடித்ததால்தான் விழுந்தாள் என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொன்னேன். உண்மையில் அவள் வழுக்கி விழுந்த இடத்துக்கு நான் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்து, என் முழு எடையோடு அவள் வலது தோளில் இறங்கினேன். வயது பத்து, எடைக்கு வயது பதினைந்து. தலையணை தனியாக உருண்டு போயிற்று.

அக்காவை வீழ்த்திவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே மேலே படுத்து, வானத்தைப் பார்த்து, ராஜா மாதிரி மூச்சு வாங்கினேன்.

"உருளுடா" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு, ரகசியக் குரலில்.

"ரெஃப்ரி உருள மாட்டார்" என்றேன் நானும் ரகசியக் குரலில். அப்பா தூங்குகிறாரே.

இருபதுவரை எண்ணிவிட்டு இறங்கினேன். அக்கா சத்தமே போடவில்லை. விதியை எவ்வளவு மதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகம் வெளுத்திருந்தது. தோற்றால் அப்படித்தான் இருக்கும், எனக்குப் பழகிய முகம்தானே. "இன்னைக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் பயிற்சி இல்லை என்றாள். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் உடம்புக்கு ஓய்வு தருவது வழக்கமாம். நாலு நாளும் ஓய்வுதான்.

ஆனால் அந்த நாலு நாளில் ரக்பிக்குப் புதிது புதிதாக விதிகள் வந்தன. ரெஃப்ரிதான் பிளேயரின் ஸ்கூல் பையைத் தூக்க வேண்டும். ரெஃப்ரிதான் பிளேயருக்கு ஷூ லேஸ் கட்டிச் சரிபார்க்க வேண்டும். குடத்தைக் குழாயடியிலிருந்து உள்ளே கொண்டுவருவதும் ரெஃப்ரி. "தாள்ல இல்லையே" என்றேன். "இது இன்டர்நேஷனல் ரூல்டா, தாள்ல எடம் பத்தல" என்றாள். நம்பினேன். இரண்டு பையோடு பள்ளிக்கு நடக்கையில் எனக்கே என் மீது மரியாதை கூடியது. சாப்பிடும்போது அக்கா இடது கையில் ஸ்பூன் பிடித்தாள். அம்மா பார்த்தாள்.

"இன்னாடி புதுப் பழக்கம்?"

"பிளேயருங்க ஸ்பூன்லதான் சாப்புடணும்னு மிஸ் சொன்னாங்கம்மா. கையில மண்ணு ஜாஸ்தியாம்."

"அப்ப மிஸ்ஸயே வந்து அந்த ஸ்பூனக் கழுவச் சொல்லு" என்றுவிட்டு அம்மா அன்று கிளினிக்குக்கு வந்த முழங்கால்களைப் பற்றிச் சொல்லப் போய்விட்டாள்.

சிதம்பரத்தில் ஆட்டம் நடந்தது ஒரு கல்லூரி மைதானத்தில். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கீரப்பாளையத்திலிருந்து மாமா தன் டிவிஎஸ்ஸில், வறுத்த வேர்க்கடலைப் பையோடு வந்து சேர்ந்தார். ரக்பியை அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்த்தபிறகும் அவருக்கு அது வழி தவறிய கபடியாகத்தான் தெரிந்தது.

"இன்னாடா இது, பந்து கோழிமுட்டயாட்டம் இருக்கு. புடிக்கிறாளுவ, தள்றாளுவ, அப்புறம் எதுக்கு வுட்டுட்டு ஓடறாளுவ?"

"அதான் ரூல், மாமா. விழுந்தா விடணும். நான்தான் அக்காவுக்குக் கத்துக்குடுத்தேன்."

"நீயா" என்று என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார் மாமா. கீழே வருவதற்குள் வேர்க்கடலை பாதி தீர்ந்துவிட்டது.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. நேரம் முடியப் போகிறது. அக்காவுக்குப் பந்து வந்தது. ஓரமாக ஓடினாள். அவள் பந்தை இடது பக்கமாகவே அணைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, ஸ்டைல் மாற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒருத்தியை ஏமாற்றினாள். இரண்டாவதாக வந்தவள் காலைப் பிடித்தாள். அக்கா விழுந்தாள். கோடு அவள் தலைக்கு மேலே ஒரு முழம். ஒரே ஒரு முழம்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். வேட்டியிலிருந்து கடலைத் தோல் கொட்டியது. "நீட்டு... கைய நீட்டு பாப்பா... கோடு அதோ..."

ரக்பி தெரியாத மாமா சரியாகச் சொல்கிறார். விதி தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பின்கதவு தெரிந்தது. அதன்மேல் காய்ந்து போன சோறு. அக்கா நீட்டவில்லை. எப்படி நீட்டுவாள், அந்த விதியைத்தான் நான் கதவோடு சேர்த்து ஒட்டிவிட்டேனே. அவள் பேர் வராது. நாளை முதல் டியூஷன். எல்லாம் ஒரு கைப்பிடிச் சோற்றால். என் வயிறு, அதன் வரலாற்றிலேயே முதல் தடவையாக, வேர்க்கடலையை வேண்டாம் என்றது.

இதற்குள் அங்கே வேறொன்று நடந்துவிட்டது. விழுந்த வேகத்திலேயே அக்கா இடது கையால் பந்தைத் தன் அணிப் பக்கம் வைத்துவிட்டு உருண்டு விலகியிருந்தாள். பின்னால் ஓடி வந்தவள் அதைக் குனிந்து எடுத்து, அந்த ஒரு முழத்தைத் தாண்டி வைத்து அழுத்தினாள். நிஜ ரெஃப்ரி நிஜ விசிலை நீளமாக ஊதினார். ஜெயித்துவிட்டோம்.

ஆனால் ஜெயிப்பதும் பேர் வருவதும் வேறு. மத்தியானம் எல்லாரையும் வெயிலில் உட்கார வைத்து, தொப்பி போட்ட ஒரு மேடம் தாளைப் பார்த்து வாசித்தார். ஒவ்வொரு பேரும் யாருடையதாகவோ இருந்தது. நான் அக்காவின் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பேர் அக்காவுடையது.

"இந்தப் பொண்ணு ஒருத்திதான் இன்னைக்கு விழுந்த அதே செகண்ட் பந்த விட்டது. பாக்கி எல்லாரும் பந்தக் கட்டிப் புடிச்சிட்டுக் கெடக்கறீங்க" என்றார் மேடம்.

மாமா என் தலையில் கை வைத்தார். "டேய், நெஜமாவே நீதான் கத்துக்குடுத்தியா?"

கடலூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் வேண்டும் என்று அடம்பிடித்தேன். முடியாதென்றால் என்ன செய்வேன் என்று அந்தப் பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும். அக்கா விட்டுக்கொடுத்தாள். பஸ் புறப்படும் நேரத்தில் கீழே நின்ற மாமா ஜன்னலைத் தட்டி, "எல்லாம் சரி, கைய நீட்டியிருந்தா நீயே வெச்சிருக்கலாம்ல" என்று அக்காவிடம் கேட்டுவிட்டு நகர்ந்தார். அவர் பாட்டுக்குக் கேட்டுவிட்டார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

சோற்றிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பின்பக்கம், நாலாவது வரி, நான் கொடுத்த பொய்ப் பெனால்டிகள், எதையும் விடவில்லை. மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"லூசு, உங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் படிச்சிட்டேன். நீ எவ்ளோ நாள் ஓட்டறன்னு பாத்துட்டிருந்தேன். எனக்கும் வுடறதுதான வரல, அதத்தான பழகணும்."

"அப்ப இன்னைக்கு ஏன்கா நீட்டல?"

"எட்டாதுன்னு தோணுச்சு" என்றாள். "கடல மீதி இருக்கா?"

மன்னிக்கப்பட்டவனுக்கு வரும் தூக்கம் போல் ஒரு தூக்கம் உலகத்தில் கிடையாது. கடலூர் வரும்வரை அவள்மேல் சாய்ந்து தூங்கினேன். அதன்பின் பல வருடங்கள், அக்காவை மாவட்ட அணிக்கு அனுப்பியவன் நான் என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விதியை மறைத்துப் புகழ் வாங்கிய ரெஃப்ரி உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

போன மாதம் செம்மண்டலத்தில் ஒரு பேக்கரி வாசலில், நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டரோடு நானும் சாய்ந்தேன். ஓடுகிற வண்டியிலிருந்து எவனும் விழுவான். நிற்கிற வண்டியிலிருந்து விழ அனுபவம் வேண்டும். விழுந்தவன் உடனே விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், ஒரு கையில் ஹேண்டில்பாரையும் ஒரு கையில் முட்டை பப்ஸையும் விடவே இல்லை. பப்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது தோள் பிசகிவிட்டது.

அக்கா இப்போது சிதம்பரத்தில் பி.டி. மிஸ். அன்று சாயங்காலமே வந்தாள். ஒரு துண்டை மடித்து என் கையைத் தொங்கவிட்டுக் கட்டினாள். சட்டை மாட்டத் திணறியபோது, "அடிபட்ட கைய மொதல்ல வுடு, நல்ல கைய அப்புறம்" என்றாள். சாப்பாட்டுத் தட்டோடு ஒரு ஸ்பூனை எடுத்து வந்து, யோசிக்காமல், என் இடது பக்கம் வைத்தாள்.

நான் ஸ்பூனைப் பார்த்தேன். ஸ்பூனையே ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு துவைக்கிற கல் ஞாபகம் வந்தது. இரண்டு ஸ்கூல் பை. லேஸ். குடம். இடது பக்கம் அணைத்த பந்து.

"எத்தன நாள்கா வலிச்சுது?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "ரெண்டு மாசம். கை தலைக்கு மேல போவல. அன்னைக்கு அந்தத் தோள ஊனாம இடது கையயும் நீட்ட முடியல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? அங்கயே மல்லாந்து வுழுந்து அழுதிருப்ப. அப்பா எழுந்திருப்பாரு. அம்மா அஞ்சு நிமிஷத்துல டோக்கனோட வந்திருப்பாங்க." தட்டில் சாம்பாரை ஊற்றினாள். "பஸ்ஸுலயாவது சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ வேற கேஸ்ல சரண்டர் ஆயி அழுதுட்டு இருக்க. எப்படிடா சொல்றது?"

இடது கையால் சாப்பிடுவது கஷ்டமாக இருந்தது. பாதி சோறு தட்டுக்கு வெளியே போயிற்று. எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. டிரைவர் பக்கத்து வரிசை. அடம்பிடித்து வாங்கிய ஜன்னல் சீட். ஜன்னல் அக்காவுக்கு வலப் பக்கம். அழுது முடித்து, வேர்க்கடலையும் முடித்து, கனத்த தலையை அவள் தோளில் போட்டுத் தூங்க ஆரம்பித்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒருமுறை லேசாக விழிப்பு வந்தது. அக்கா என் காதருகே மெதுவாக, "உருளுடா" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே சிரித்துக்கொண்டு, இன்னும் வசதியாகச் சாய்ந்து படுத்துக்கொண்டேன்.